கேட்டுத் திறந்த பூட்டு

எங்கள் ஊரில் ஒரு பெண் வீணை பழகினால் பாராட்டுவார்கள். கேக் ஐசிங் பழகினால் ஓடர் கொடுப்பார்கள். பூட்டுத் திறக்கப் பழகினால் மட்டும் கள்ளி என்பார்கள். என்னை முதலில் அப்படிச் சொன்னவர் என் சித்தப்பா சோமசேகரம். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, காற்றிடம் சொல்வதுபோலச் சொன்னார். ஆறு வருடமாக அவர் எங்களோடு நேரே கதைப்பதில்லை. ஏச வேண்டியதையெல்லாம் வேலியைப் பார்த்துத்தான் ஏசுவார்.

நான் நிவேதனா. நல்லூரில் ஒரு ரியூசன் சென்ரரில் கணிதம் படிப்பிக்கிறேன். அங்கே அலுமாரித் திறப்பு, சாவிதான், ஒருநாள் தொலைந்துபோனது. திறக்க வந்தவர் இரண்டு கம்பியை எடுத்தார், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தினார், கதவு திறந்தது. "எப்பிடியண்ணை?" என்று கேட்டேன். "உது பொம்பிளையளுக்கு விளங்காது தங்கச்சி" என்று சிரித்துக்கொண்டு போய்விட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கே போனில் வீடியோ தேடத் தொடங்கினேன்.

விளங்காமல் போக அதில் ஒன்றுமே இல்லை. பூட்டுக்குள் சின்னச் சின்னப் பித்தளை முளைகள் வரிசையாக ஸ்பிரிங்கில் நிற்கின்றன. சரியான திறப்பைப் போட்டால் எல்லா முளைகளும் தத்தம் உயரத்துக்கு ஏறி வழிவிடும். திறப்பு இல்லாவிட்டால், ஒரு கம்பியால் லேசாகத் திருகிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கம்பியால் ஒவ்வொரு முளையாகத் தூக்க வேண்டும். கராச்சில் பழைய காரிலிருந்து கழற்றிப் போட்ட வைப்பரின் தகட்டை அரத்தால் தேய்த்து அந்த இரண்டு கம்பியையும் நானே செய்தேன். சுன்னாகத்தில் ஒரு ஹாட்வெயார் கடையில் வளையம் வைத்த ஆமைப்பூட்டாகப் பார்த்து வாங்கினேன். கடைக்காரர் என்னையும் பூட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

முதலில் ஒன்றும் சரிவரவில்லை. நான் கோபக்காரி, எதையும் அழுத்தித்தான் பிடிப்பேன். அழுத்திப் பிடித்தால் முளை இறுகிவிடும், பிறகு என்ன செய்தாலும் அசையாது. பூட்டைச் சுவரில் எறிந்திருக்கிறேன். மூச்சை விட்டு, விரலைத் தளர்த்தி, இருக்கிறதோ இல்லையோ என்ற அளவுக்குப் பிடித்த ஒருநாள் அது 'டிக்' என்றது. வளையம் துள்ளி மேலே வந்தது. குசினியில் நின்று நான் கத்திய கத்தில் அம்மா பாம்பு என்று நினைத்து ஓடி வந்தார்.

"இதுக்கோ கத்தினனி? கல்யாணம் கட்டாத பிள்ளை கள்ளச் சாமானோடை நிக்குதெண்டு ஊர் சிரிக்கப் போகுது" என்றார் அம்மா.

வீடியோவில் சொல்லித்தந்தவர் ஒவ்வொரு முறையும் ஒரு விதியைச் சொல்லுவார். சொந்தக்காரரைக் கேட்காமல் எந்தப் பூட்டையும் திறக்கக்கூடாது. அதை மீறினால் இது பொழுதுபோக்கு இல்லை, களவு. நானும் அதில் கண்டிப்பாகத்தான் இருந்தேன், சித்தப்பா கிணற்றைப் பூட்டும் வரைக்கும்.

அந்தக் கிணற்றின் கதையைச் சொல்ல வேண்டும். புன்னாலைக்கட்டுவனில் எங்கள் வளவும் பக்கத்து வளவும் ஒருகாலத்தில் ஒரே காணி. அம்மாவுக்கும் அவருடைய தங்கை ஞானாம்பிகைக்கும் அம்மம்மா அதைச் சீதனமாகப் பாதி பாதி பிரித்துக் கொடுத்தார். நடுவில் இருந்த கிணறு இருவருக்கும் பொது. ஒருநாள் எங்கள் முறை, மறுநாள் அவர்கள் முறை என்று தண்ணீர் இறைப்பார்கள். அக்காவும் தங்கச்சியும் மட்டும் இருந்திருந்தால் இன்றைக்கும் அப்படியே போயிருக்கும். ஆனால் சீதனத்தோடு, சொந்தமாக ஒரு துண்டுக் காணியும் இல்லாத இரண்டு மாப்பிள்ளைகள் வந்தார்கள். என் அப்பா தம்பிராசா வேலி அடைக்கும்போது ஒரு கதியாலை, வேலிக்கு ஊன்றுகிற பச்சைத் தடியை, தங்கள் பக்கம் தள்ளி நட்டுவிட்டார் என்று சித்தப்பா சொன்னார். நடவில்லை என்று அப்பா சொன்னார். அந்தக் கதியால் இன்றைக்கு மரமாகிவிட்டது, கதை பேச்சு நின்றது நின்றதுதான். சித்தியும் புருசன் சொன்னபடி அம்மாவின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். அதற்காக நான் சித்தியை மன்னிக்கவே இல்லை.

இந்த வருடம் சித்தப்பா கிணற்றைச் சுற்றி வலை அடித்து, வாசலுக்கு இரும்புப் படலை போட்டு, ஆமைப்பூட்டையும் தொங்கவிட்டார். எங்கள் வெங்காயம் அப்போதுதான் தலை தூக்கியிருந்தது. "பூட்டிலை ஆரும் கை வைக்கட்டும். உடைச்ச பூட்டோடை பொலிசுக்குப் போறன்" என்று சந்தியில் சொல்லித் திரிந்தாராம். அப்பா பூட்டை அறுக்கக் கிறைண்டரை இரவல் வாங்கி வந்துவிட்டார். சித்தப்பா எதிர்பார்த்ததும் அதைத்தான் என்று சொல்லி நான் தடுத்தேன். வெங்காயத் தாள்கள் நுனியில் மஞ்சளாகத் தொடங்கின. போட்ட பயிர் கண்ணெதிரே சாகிறதைப் பார்த்துக்கொண்டு அப்பா சோறு தின்னாமல் திரிந்தார். 

சித்தப்பா விடியவே சந்தைக்குப் போகிறவர். எங்கள் முறை நாளில் அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் ஒழுங்கைத் தெருவைத் தாண்டியதும் நான் கம்பிகளை எடுத்துக்கொண்டு போனேன். விதி ஞாபகம் வராமல் இல்லை. சோமசேகரத்தைக் கேட்டுத்தானோ திறக்க வேண்டும் என்று அதை ஒதுக்கினேன். பூட்டு லேசாகவே திறந்தது. தண்ணீர் மோட்டரைப் போட்டோம், பாத்தியெல்லாம் நனைந்தது, பூட்டைத் திரும்ப அழுத்திவிட்டு வந்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

சித்தப்பா வந்து ஈரப் பாத்தியைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். எங்கள் விறாந்தையில் இருந்து நான் ரசித்துக்கொண்டே தேத்தண்ணி குடித்தேன். அடுத்த நாள் அதைவிடப் பெரிய பூட்டு வந்தது. பூட்டுப் பெருத்தால் காவல் பெருக்கும் என்று நினைக்கிற மனுசன். பெரிய பூட்டின் முளைகள் விரலுக்கு இன்னும் நன்றாகவே தெரிந்தன. எங்கள் முறை வரும்போதெல்லாம் தண்ணீர் இறைத்தோம்.

ஆனால் அவர் என்னைச் சந்தேகப்படவே இல்லை. கள்ளி என்று ஏசினாரே தவிர, ஒரு பெட்டை கம்பியால் ஆமைப்பூட்டைத் திறப்பாள் என்று அவர் நம்பவில்லை. திறப்பு இல்லாமல் பூட்டுத் திறக்காது. திறப்பு இரண்டு. ஒன்று அவருடைய மடியில், மற்றது சித்தியின் இடுப்புக் கோர்வையில். அவருக்குக் கணக்கு முடிந்துவிட்டது.

"உன்ரை அக்காளுக்குத் திறப்பைக் குடுத்தனியோ? மோட்டர் ஓடினது உனக்குக் கேக்கேல்லையோடி?"

சித்தப்பா சித்தியைப் பார்த்துக் கத்தியது ஒழுங்கை முழுக்கக் கேட்டது.  ஏதோ விழுந்து உடைந்த சத்தமும் வந்தது. அம்மா உலையில் அரிசியைப் போடாமல் கையில் வைத்தபடியே நின்றார். அன்று பின்னேரம் சித்தி முற்றம் கூட்டுகிறதைக் கண்டேன். இடுப்பில் திறப்புக் கோர்வை இல்லை. அதையும் பறித்துவிட்டார். சொந்த வீட்டு அலுமாரியைத் திறக்க அவர் இனிப் புருசனிடம் கேட்க வேண்டும். அன்றைக்கு ரசித்துக் குடித்த தேத்தண்ணி எனக்கு இப்போது கசந்துபோனது.

அதோடு விட்டாரா? வெள்ளிக்கிழமை கிணற்றடி வைரவர் சூலத்துக்கு முன்னால் சித்தி கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ண வேண்டும் என்று ஊருக்கு அறிவித்தார். எரிகிற கற்பூரத்தைக் கையால் பொத்தி, திறப்பைக் கொடுக்கவில்லை என்று சொல்ல வேண்டும். சத்தியம் பண்ணினால் ஊர் நம்பும். ஆனால் புருசன் நம்பாமல் கற்பூரத்துக்கு முன்னால் நிறுத்தின பெண் என்று சாகும்வரை சொல்லும்.

"நீ வாயைத் திறந்தியெண்டால் பொலிசிலை உன்னைத்தான் குடுப்பான். உன்ரை படிப்பிக்கிற வேலையும் போயிடும்" என்றார் அப்பா.

"அப்ப சித்தி கையைச் சுடட்டுமோ?"

 அம்மா என் கம்பிப் பையைத் தேடி எடுத்து என் முன்னால் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனார்.

வெள்ளிக்கிழமை வேலியோரம் சனம் நின்றது. கிராம அதிகாரியான விதானையாரையும் சித்தப்பா கூப்பிட்டிருந்தார். சூலத்தடியில் வெற்றிலையில் கற்பூரம் எரிந்தது. சித்தி தலை குனிந்து நின்றார், முழங்கைக்கு மேலே கன்றியிருந்தது. நான் நேரே நடுவில் போய் நின்றேன்.

"சித்தி திறப்புக் குடுக்கேல்லை. நான்தான் திறந்தனான்."

"ஆ, வந்திட்டா கெட்டிக்காரி!" முதல் தடவையாகச் சித்தப்பா வேலியை விட்டு என்னைப் பார்த்துக் கதைத்தார். "குடுத்த திறப்பை மறைக்கப் பொய் சொல்லுறியோ?"

"திறப்பில்லாமல் திறந்தனான். இந்தாங்கோ, கம்பி."

சனம் சிரித்தது. விதானையார் மட்டும் சிரிக்காமல் கம்பியை வாங்கிப் பார்த்தார். "எங்கை, திற பாப்பம்" என்று திருப்பித் தந்தார்.

நான் பூட்டைப் பிடித்தேன். கோபத்தில் விரல்கள் கம்பியை இறுக்கின. இந்தக் கையோடு ஒரு முளையும் அசையாது. மூச்சை விட்டேன். அப்போதுதான் மீறிய விதி நெஞ்சில் வந்து உறைத்தது. நான் கேட்காமல் திறந்தது சோமசேகரத்தின் படலையை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அவருக்கு இங்கே என்ன கிடக்கிறது? நான் திரும்பினேன்.

"சித்தி, இது உங்கடை கிணறு. உங்கடையும் அம்மாவின்ரையும். இவ்வளவு நாளும் உங்களைக் கேக்காமல் திறந்தனான், அது பிழை. இப்ப கேக்கிறன். திறக்கட்டோ?"

 சித்தப்பாவின் முகம் கறுத்தது.

"ஏய், வாய் திறந்தியெண்டால் இண்டையோடை வீட்டுப் பக்கம் வரக்கூடாது!" என்று சித்தியைப் பார்த்துக் கத்தினார்.

சித்தி கற்பூரத்தைப் பார்த்தார். அது தன்பாட்டில் எரிந்து முடிந்துகொண்டிருந்தது. பிறகு தலையை நிமிர்த்தி, வேலிக்கு அப்பால் நின்ற அம்மாவைப் பார்த்தார். ஆறு வருடத்துக்குப் பிறகு பார்த்தார். அம்மாவும் கண்ணை எடுக்கவில்லை.

"மோட்டர்ச் சத்தம் ஒவ்வொரு முறையும் எனக்குக் கேட்டதுதான்," என்றார் சித்தி. "சொல்லேல்லை. நீ திற பிள்ளை."

முளை ஒவ்வொன்றாக ஏறியது. வளையம் துள்ளியது. விதானையாரின் வாய் ஆவென்று திறந்தபடியே இருந்தது. படலை தானாகக் கிறீச்சிட்டு விலகியது. சித்தப்பா ஒருகணம் தடுமாறிவிட்டு, மடியில் இருந்த திறப்புக் கோர்வையை எடுத்துச் சித்தியிடம் நீட்டினார். சனத்துக்கு முன்னால் பெருந்தன்மை காட்டினாராம்.

சித்தி கோர்வையைத் தொடவில்லை. என் கையில் இருந்த பூட்டை வாங்கி, நீட்டிய அந்தக் கையிலேயே வைத்தார்.

"இந்தாங்கோ. கொண்டுபோய் உங்கடை அம்மா உங்களுக்குத் தந்த வளவிலை பூட்டுங்கோ."