இரண்டு மார்க்

கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவருக்கு வேலை நேரத்தில் ஒரே கேள்விதான்: இது தெளிவா, அது தெளிவா? வீட்டுக்கு வந்துவிட்டால் கேள்வியே கிடையாது, தீர்ப்புதான்.

அவரிடம் ஆயிரத்து நானூறு இசைத்தட்டுகள் இருந்தன. எதிலும் பாட்டு கிடையாது. பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்க்காத எலக்ட்ரானிக் இசை, வாய் திறந்து பேசுகிறவர் இல்லாத ஹிப் ஹாப். யாரோ ஒருவர் தன் அறையில் உட்கார்ந்து, பழைய தட்டுகளிலிருந்து துண்டு துண்டாக எடுத்து ஒட்டி, அடியில் டிரம் மெஷினை ஓடவிட்டு, நூறு இருநூறு பிரதி மட்டும் அடித்தவை. 'பாடுற ஆள் லீவு போட்ட கச்சேரி' என்பாள் அவர் மனைவி.

ஒவ்வொரு தட்டின் உறைக்குள்ளும் ஓர் அட்டை, அதில் பத்துக்கு இத்தனை என்று மார்க். பேஸ் என்கிற அடித்தொனி காதில் கேட்கக்கூடாது, வயிற்றில் கேட்க வேண்டும். பழைய தட்டிலிருந்து எடுத்த துண்டு அதன் கரகரப்போடு வர வேண்டும். கடைசியில் சத்தத்தை மெல்லக் குறைத்து முடிப்பவன் சொல்லிக்கொள்ளாமல் நழுவுகிற விருந்தாளி, அவனுக்கு ஒரு மார்க் குறைவு. கலர் தட்டென்றால் அரை மார்க் குறைவு, காதுக்குக் கண் எதற்கு? இந்த அபிப்பிராயங்களை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நான்கு பக்க 'லெட்டராக'த் தட்டச்சு செய்து, நகலெடுத்து, நாற்பத்து மூன்று பேருக்குத் தபாலில் அனுப்பி வந்தார். அந்த வட்டத்தில் அவருக்குப் பெயரே 'மார்க்கு'தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பிளேயருக்குப் புது ஊசி மாற்றினார். புது ஊசியை நல்ல தட்டில் சோதிக்க மனம் வராது. வழக்கம்போல அலமாரியின் கீழ் அடுக்கில், மார்க் வாங்காதவை கிடக்கும் இடத்தில், கைக்கு வந்ததை உருவிப் போட்டார்.

ஈரக் கையோடு மனைவி சமையலறையிலிருந்து வந்து நின்றாள். "இது எப்ப வாங்கினீங்க? நல்லாருக்கே."

அவருக்கும் அப்படித்தான் இருந்தது. உறையைத் திருப்பிப் பார்த்தார். "இது பழசு. ரெண்டு மார்க் போட்டது."

"அப்ப மீதி எட்டு எங்க போச்சு?"

குனிந்து பார்த்தார். வேகத்தை மாற்றும் பொத்தான் நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்றில் இல்லை, நாற்பத்தைந்தில் நின்றது. "இதைத் தொட்டியா?"

"தூசி துடைச்சேன். அதுக்கும் மார்க் குறைப்பீங்களா?"

அட்டையில் அவருடைய குண்டு குண்டான கையெழுத்து: 'டிரம் நனைந்த சாக்கை இழுத்துக்கொண்டு போகிறது. செய்தவருக்கே தூக்கம் வந்திருக்கும். இவர் வேறு வேலை பார்க்கலாம். 2/10.' தட்டின் நடுவில் வேகம் அச்சிடப்படவில்லை. அவரும் பெரிய தட்டுதானே என்று முப்பத்து மூன்றில் ஓட்டிவிட்டார். யாராவது பாடியிருந்தால் குரல் இழுத்து அன்றைக்கே காட்டிக்கொடுத்திருக்கும். அந்த ஆள் அதற்குப் பிறகு பதினோரு வருடமாகத் தட்டே போடவில்லை. தான் போட்ட மார்க் சரி என்பதற்கு அதையே சாட்சியாக வைத்திருந்தார் மார்க்கு.

உறையின் பின்பக்கம் முகவரி இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தட்டையும் பெட்டிபோல மூடித் தூக்கிப்போகும் சின்ன பிளேயரையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். செய்தவர் இப்போது லிஃப்ட் மெக்கானிக். அவர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. மார்க்கு நான்கு மாடி ஏறி மூச்சு வாங்கக் கதவைத் தட்டினார்.

"உங்க தட்டைப் பத்தி முன்னாடி ஒரு லெட்டர்ல எழுதினேன் சார்."

"தெரியும். 'வேறு வேலை பார்க்கலாம்.'" மெக்கானிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். "பாத்துட்டேன். பென்ஷன்லாம் உண்டு. உக்காருங்க."

மார்க்கு ஒன்று விடாமல் சொன்னார். சண்டை போடுவார், வெளியே போ என்பார் என்று எண்ணி வந்திருந்தார். மெக்கானிக் சிரித்தார். "வேகத்தைப் போட மறந்தது நான்தானே? உங்க மேல என்ன தப்பு?"

"திருத்தம் போட்டு எல்லாருக்கும் அனுப்பிடறேன் சார்."

"எத்தனை பேர்?"

"இப்ப பத்தொன்பது பேர்தான் இருக்காங்க."

"கட்டிலுக்கு அடியில அந்தத் தட்டு நூத்தி நாப்பது கிடக்கு. ஆளுக்கு ஏழு குடுங்க."

மார்க்கு தட்டை நாற்பத்தைந்தில் ஓடவிட்டார். மெக்கானிக் மோட்டார் சத்தம் கேட்பதுபோலத் தலை சாய்த்துக் கேட்டார். "நாலாவது அடி கொஞ்சம் பிந்தி விழுது பாருங்க. எப்படிப் பண்ணேன்னே தெரியல. யாரோ பண்ண மாதிரி இருக்கு."

"திரும்பப் பண்ணலாமே."

"மெஷினைக் குடுத்தாச்சு. ஆசையும் அதோட போயிடுச்சு." சற்று யோசித்தார். "அப்ப இன்னும் ஏழு செஞ்சு ஒரு கேசட்ல வச்சிருந்தேன். உங்க லெட்டர் வந்த மாசம்தான் பொண்ணு பொறந்தா. அவ பேச ஆரம்பிச்சப்ப, சும்மாதானே கிடக்குதுன்னு அதுமேலயே பதிஞ்சுட்டேன்."

மார்க்கு நாற்காலியின் நுனிக்கு வந்தார். "கேக்கலாமா?"

"அதுல என்ன இருக்கு? ங்கா, ம்மா, அவ்வளவுதான்" என்றபடியே மெக்கானிக்கின் மனைவி பீரோவிலிருந்து கேசட்டையும் டேப் ரெக்கார்டரையும் எடுத்து வந்தாள்.

மேலே பதிந்துவிட்டால் அடியில் எதுவும் மிஞ்சாது என்பது மார்க்குக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் காதை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். மழலை, கிலுகிலுப்பை, நாற்காலி நகரும் சத்தம். அதற்குப் பின்னால் மேஜைமேல் விரல்கள் தட்டுவது கேட்டது. நாலாவது அடி பிந்தி விழுந்தது. தட்டில் இருப்பதல்ல, புதிது. அதைவிட நல்லது.

சத்தம் போடாதீர்கள் என்பதுபோல மார்க்கு கையை உயர்த்தினார். கேசட்டுக்குள், பத்து வருட இளமையான பெண் குரல் சொன்னது: "கொஞ்சம் தட்டாம இருங்களேன், அவ தூங்கப் போறா."

விரல்கள் நின்றன.

"அட, நானா பேசுறது?" என்றாள் மெக்கானிக்கின் மனைவி.

"இன்னொரு தடவை" என்றார் மார்க்கு. திரும்ப ஓடவிட்டார்கள். அதே இடத்தில் அவள் சொன்னாள், அதே இடத்தில் விரல்கள் நின்றன. மூன்றாம் முறையும் நின்றன. நான்காம் முறை, அவள் சொல்ல மறந்துவிட மாட்டாளா என்றுகூட மார்க்கு காத்திருந்தார்.

"அப்படி என்ன சார் கேக்குது அதுல?" என்றார் மெக்கானிக்.

மார்க்கு சொல்ல வாயெடுத்தார். பிறகு, ஐந்தாம் முறைக்காகப் பொத்தானிடம் கையைக் கொண்டுபோனார்.

மெக்கானிக் அவர் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்தார். "போதும் சார், டேப் அறுந்துடும். பொண்ணோட குழந்தைக் குரல் இதுல மட்டும்தான் இருக்கு."