ஓடும்போது கூப்பிடாதே

இந்த ஊரில் ஏசி வாங்கியவர்களைப் பார்த்து முன்பெல்லாம் சிரித்தவள் நான். வெயில் என்பது இங்கே வருடத்தில் இரண்டு மூன்று வாரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற விருந்தாளி. மற்ற நாளெல்லாம் ஜன்னலைத் திறந்தால் போதும், காற்று காசு கேட்காமல் வரும். அப்படிப்பட்ட ஊரில் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, காதைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு, ஏசிக்கு அடியில் உட்கார்ந்து அச்சுப் பிழை திருத்துகிற ஒரே பைத்தியமாகக் கடைசியில் நானே ஆனேன்.

எல்லாம் என் பிள்ளை பண்ணின வேலை. இரண்டு கோடைக்கு முன்னால், அந்த விருந்தாளி கொஞ்சம் கோபமாக வந்திருந்த ஒரு பகலில், சமையலறையில் மயங்கி விழுந்துவிட்டேன். காலையில் சாப்பிடாததுதான் காரணம். அச்சகக்காரர் அவசரம் அவசரம் என்று ஒரு தடிப் புத்தகத்தை என் தலையில் கட்டியிருந்தார். அதை முடிக்கிற மும்முரத்தில் பசி தெரியவில்லை. சொன்னால் யார் நம்புகிறார்கள்? வேறு ஊரில் வேலை பார்க்கிற பிள்ளை அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தான். இனிமேல் தனியாக இருக்க வேண்டாம், என்னோடு வந்துவிடு என்று ஒற்றைக் காலில் நின்றான்.

அவன் வீட்டில் எனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டார்கள், அது வேறு விஷயம். ஆனால் அங்கே என் மேஜை நுழையாது. என் வீட்டுக்காரர் போன பிறகு இந்த வீட்டையும் இந்த மேஜையையும் பிடித்துக்கொண்டுதான் நான் நிமிர்ந்து நிற்கிறேன். வர மாட்டேன் என்றேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, ஏசி வைத்துக்கொண்டால் இங்கேயே இருக்கலாம் என்று இறங்கி வந்தான். ஒரு முழு நாள் அது ஓடாமல் இருந்தால் லாரியோடு வந்து என்னையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு போய்விடுவேன் என்றும் சொன்னான். விளையாட்டுக்குச் சொல்கிறவன் இல்லை அவன்.

அந்த ஏசியை அவன் தன் போனோடு இணைத்து வைத்திருக்கிறான். இங்கே நான் போட்டால் அங்கே ஒரு பச்சைப் புள்ளி தெரியும். அணைத்தால் புள்ளி போய்விடும். புள்ளி இல்லையென்றால் எனக்கு போன் வரும். காலையில், ஏன் இன்னும் போடவில்லை. சாயங்காலம், அதற்குள் ஏன் அணைத்தாய். கூடவே என்ன சாப்பிட்டாய், மாத்திரை போட்டாயா, கண்ணாடியை மாற்றினாயா என்று ஒரு விசாரணைக் கமிஷன். ஒரு பக்கத்தை நிம்மதியாகத் திருத்த முடியாது. காது புளித்துப்போய் ஒருநாள் கத்தியே விட்டேன்.

"இதோ பாருடா, ஓடலைன்னா கூப்பிடு, பதில் சொல்றேன். ஓடறப்ப கூப்பிடாதே. உயிரை வாங்காதே."

சரிம்மா என்றான். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தான்.

பிள்ளையிடமிருந்து தப்பித்து மெக்கானிக்கிடம் மாட்டிக்கொண்டேன். அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் கேஸ்காரர். எதற்குக் கூப்பிட்டாலும் மூடியைக் கழற்றுவதற்கு முன்பே "கேஸ் கம்மியா இருக்கும்மா" என்பார். வருட ஒப்பந்தம் போட்டால் செலவே இருக்காது என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். பிறகு பார்த்தால் ஒப்பந்தத்தில் கேஸ் சேராதாம். தண்ணீர்க் குழாய் சேராதாம். உள்ளே இருக்கிற மின்பலகை சேராதாம். எதுதான் சேரும் என்று கேட்டேன். வந்து பார்ப்பது சேரும் என்றார். பிள்ளை பணம் அனுப்புகிறேன் என்றான். என் வீட்டுச் சாமானுக்கு நானே கொடுத்துக்கொள்வேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். அந்த வீறாப்புக்கு ஒவ்வொரு சர்வீஸுக்கும் நாற்பது ஐம்பது பக்கம் கூடுதலாகப் பிழை திருத்த வேண்டியிருந்தது. கரண்ட் பில் தனி.

இதற்கு நடுவில் அது ஒழுக ஆரம்பித்தது. சாதாரணமாக ஒழுகினால் பரவாயில்லை. மேஜைக்கு நேர் மேலே நின்று, நான் திருத்தி முடித்த தாள்களின் மேல், சிவப்பு மை கரைந்து ஓடுகிற மாதிரி ஒழுகியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கேஸ்காரர் வந்து மூடியைத் திறந்தார். உள்ளே ஐஸ் கட்டியிருந்தது.

அவர் முதல்முறையாக கேஸ் என்று சொல்லவில்லை. ஸ்வெட்டரைப் பார்த்தார், காதுத் துணியைப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே மூடியிருந்த வானத்தைப் பார்த்தார். இந்தக் குளிரில் ஓட்டினால் ஐஸ் கட்டாமல் என்ன செய்யும், எதற்காக ஓட்டுகிறீர்கள் என்று கேட்டார். கோபத்தில் லாரிக் கதை முழுவதையும் கொட்டிவிட்டேன்.

கேஸ்காரர் சிரிக்கவில்லை. ரிமோட்டை வாங்கி ஒரு பொத்தானை அழுத்தினார். "ஃபேன்ல வச்சிருக்கேம்மா. வெறும் காத்துதான் வரும், வெளியில இருக்கிற மெஷின் ஓடாது. பகல் ராத்திரி எரிஞ்சாலும் ஒரு பல்பு கரண்டுதான். போன்ல ஆன்னுதான் காட்டும்." போனில் உள்ளே போய்ப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். ஆனால் என் பிள்ளை எங்கே உள்ளே போகிறான்? முகப்பில் புள்ளி தெரிந்தால் போதும் அவனுக்கு.

அன்றைக்கு வந்த சந்தோஷத்தை எழுதி மாளாது. ஸ்வெட்டர் பெட்டிக்குள் போனது. ஜன்னல் திறந்தது. தாள்கள் நனையவில்லை. ஏசி பாட்டுக்கு இரவும் பகலும் சும்மா ஊதிக்கொண்டிருந்தது. போன் வரவில்லை. ஒரு தடிப் புத்தகத்தை ஒரே மூச்சில் முடித்தேன்.

ஒரே ஒரு தொல்லை, கீழ் வீட்டுப் பெண். வருடக்கணக்காகப் படியில் பார்த்தால் புன்னகைப்பதோடு சரி. திடீரென்று தினமும் வந்து கதவைத் தட்டினாள். ஒருநாள் கத்தரிக்கோல் வேண்டும். ஒருநாள் பழைய பேப்பர். ஒருநாள் மணி என்ன என்று கேட்க வந்தாள், கையில் போனை வைத்துக்கொண்டே. வாங்கிப் போனதை அரை மணியில் திருப்பிக் கொடுக்க இன்னொரு தடவை. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன்.

போன் அடுத்த வாரமும் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும். நான் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் தொந்தரவு செய்யாதே என்று சொன்னவளே போன் பண்ணி என்னடா சாப்பிட்டாய் என்று கேட்டால் நன்றாகவா இருக்கும்? பெற்ற தாய் வேண்டாம், ஒரு பச்சைப் புள்ளி போதும் அவனுக்கு என்று எரிச்சலாக வந்தது. ஒரே வரியை நான்கு முறை படித்துவிட்டேன். பிழை கண்ணில் படவே இல்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். தலைக்கு மேலே அது பாட்டுக்கு ஊதிக்கொண்டிருந்தது. லாரி வந்தால் வரட்டும் என்று ரிமோட்டை எடுத்து அணைத்தேன்.

அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் போன் அடித்தது.

"அம்மா, ஏசி அணைஞ்சிருக்கு." சண்டைக்கு வந்த குரல் இல்லை அது. ஓடி வந்தவன் மாதிரி மூச்சு வாங்கியது.

"நான்தான் அணைச்சேன். இப்ப என்ன?"

"ஒண்ணும் இல்ல. இத்தனை நாளா அது அணையவே இல்லம்மா. முன்னல்லாம் காலையில போடுவே, சாயங்காலம் அணைப்பே. சரி, எழுந்து நடமாடறேன்னு நினைச்சுப்பேன். இப்ப ராத்திரி பகலா எரியுது. ஏசி இருக்குன்னு தெரியுது, நீ எப்படி இருக்கேன்னு தெரியல."

"கூப்பிட்டுக் கேக்க வேண்டியதுதானேடா."

"ஓடறப்ப கூப்பிடாதேன்னு நீதானே சொன்னே. கீழ் வீட்டு அக்காவைத்தான் தினம் போய்ப் பாக்கச் சொன்னேன். பாவம், இனிமே கேக்கறதுக்கு அவங்களுக்கும் சாமான் இல்லையாம்."

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது; வழியட்டும் என்று விட்டேன். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டான். சொன்னேன். மாத்திரை? போட்டேன். கண்ணாடி? மாற்றவில்லை என்றேன், திட்டினான். போனை அவனாக வைக்கிற வரைக்கும் நான் வைக்கவில்லை.

இப்போது தினமும் காலையில் போடுகிறேன், வெறும் ஃபேனில்தான். அவன் வேலை முடிகிற நேரம் பார்த்து அணைத்துவிடுகிறேன். ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று கூப்பிடுகிறான். நானும் சலித்துக்கொள்கிறேன்.

போன வாரம் கேஸ்காரர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வந்தார். தொகை ஏறியிருந்தது. அவரே சங்கடப்பட்டார். ஒழுங்காக ஓட்டுவதே இல்லை, இதற்கு எதற்கும்மா தண்டமாக ஒப்பந்தம் என்றார். நான் பேரம் பேசாமல் பணத்தை எடுத்து நீட்டினேன்.

"தினம் அணைக்கணும்னா முதல்ல அது ஓடணும் இல்ல தம்பி."