சூரியன் போட்ட கையெழுத்து

பாரிஸ் ஓவியக் கண்காட்சியில் சூரியன் கையெழுத்துப் போட்டபோது வெளியே நல்ல மழை. ஆட்டுக்கறி விலை ஏறியதும் அதே வாரந்தான். எங்கள் தெருவில் இரண்டையும் பற்றிச் சம அளவில் பேசினோம்.

எல்லாம் எதிர்வீட்டுப் புகைப்படக்காரர் அன்செல்மால் வந்தது. படம் கழுவும் மருந்து பட்டுப் பட்டு அவர் விரல்கள் கரியாகக் கறுத்திருந்தன. மனைவி கோபித்துக்கொண்டு போனது அதனால்தான் என்பார்கள், நான் சொல்லவில்லை. சலவைக்காரி செஃபிரின் துணி பிழிவதை ஒரு படம் எடுத்திருந்தார். பார்த்தால் நம் கை ஈரமாகும். ஆனால் வருடாவருடம் அவர் படங்களுக்கு நீராவி இயந்திரங்கள் நிற்கும் பக்கத்துக் கொட்டகைதான், ஓவியக்கூடத்துக்குள் விடவில்லை. இந்த முறையும் விடாவிட்டால் படப்பெட்டியை விற்றுவிட்டு மைத்துனரின் வினிகர் கடையில் உட்காருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். ஒப்புக்கொண்ட அன்று அவர் அழுதது தெருவைத் தாண்டி என் ஜன்னல் வரை கேட்டது.

திறப்புக்கு முந்தின நாள் ஓவியர்கள் ஏணியில் நின்று தங்கள் படங்களுக்குக் கடைசியாக வார்னிஷ் பூசுவார்கள். அந்தச் சந்தடியில் அன்செல்ம் படத்தைக் கோட்டுக்குள் மறைத்து நுழைந்தார். ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு செஃபிரினும், பின்னாலேயே நாங்களும். நடுவர் பெல்வால் பிடித்துக்கொண்டார்.

“இதுல உம்ம கைவேலை என்னய்யா இருக்கு? மூடியத் திறந்தீர், மூடினீர். வரைஞ்சது வெயிலு!”

“போன வருஷம் நீங்க வரைஞ்ச சலவைக்காரிக்கு மூணு முழங்கை இருந்துச்சே, ஐயா! அது மட்டும் கைவேலையா?” என்றாள் செஃபிரின்.

ஏணிகளின் மேலிருந்து சிரிப்பு. பெல்வாலின் முகம் சிவந்தது. “ஓவியம்னா வரைஞ்சவன் கையெழுத்து வேணும். அந்த வெயிலே வந்து போடட்டும், மாட்டிடறேன்!”

கண்ணாடிக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருக்க, விரல் கனத்தில் ஒரு வெயில்கீற்று இறங்கியது. செஃபிரினின் தொப்பியைச் சுற்றிக்கொண்டு படத்தின் வலது மூலைக்கு வந்து, பள்ளிப்பிள்ளை மாதிரி நிறுத்தி நிறுத்தி எழுதியது. காகிதம் பழுப்பேறி எழுத்து நின்றது: சூரியன். ஒருவர் வார்னிஷ் வாளியோடு கீழே விழுந்தார். நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்துக் கொட்டகையின் இயந்திரங்களே அடங்கிப்போயின.

கண்காட்சிப் பட்டியலில் ஒவ்வொரு ஓவியர் பெயருக்குக் கீழும் அவருடைய குருவின் பெயர் வர வேண்டும். எழுத்தர் பேனாவை மையில் தொட்டுக்கொண்டு, “யார்கிட்டக் கத்துக்கிட்டவர்?” என்று கேட்டார். கீற்று நகர்ந்து அன்செல்மின் கறுத்த விரல்களில் போய் உட்கார்ந்தது.

பட்டியலில் அப்படியேதான் அச்சானது: ‘சூரியன். அவ்வப்போது பாரிஸில் வசிப்பவர். அன்செல்மின் மாணவர்.’

வினிகர் கடைக்கு வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். இப்போதும் மேகமூட்டமான காலைகளில் அன்செல்ம் ஜன்னலில் நின்று மேலே பார்த்துக் கத்துவார்: “இன்னிக்கும் லேட்டா? வேலை யாரு செய்யறது?” நாங்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மாணவன் என்றால் திட்டு வாங்கத்தான் வேண்டும்.