கீழே இறங்காத புற்று

மெழுகில் புதைத்த சதைத் துண்டை முடியைவிட மெல்லிசாகச் சீவுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அதனாலேயே ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் 'சீவல் அக்கா'. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பது சந்தேகம்தான்.

அன்று மேசைக்கு வந்தது ஒரு தையல்காரரின் வயிற்றுத் திசு. ஆரம்பநிலைப் புற்று, வாய்வழியே குழாய் விட்டு அந்த இடத்தை மட்டும் வழித்து எடுத்திருந்தார்கள். அதை ரொட்டி போல வரிசையாக எட்டுத் துண்டு போட்டு, ஒவ்வொன்றையும் சீவி, சாயமேற்றி அனுப்பினாள்.

நுண்ணோக்கியில் பார்த்ததும், திசு அறிக்கை எழுதும் டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார். மூன்றாம் துண்டில், புற்றுக்கு நேர் கீழே, ஆழத்தில் குட்டிக் குட்டியாய்ச் செல் கூட்டங்கள்.

"புத்து கீழ இறங்கிடுச்சு. பாவம், வயித்தையே எடுத்துருவாங்க."

சாயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று எல்லாத் துண்டையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அக்கா அனுப்புவாள். இதே கூட்டத்தை எட்டாம் துண்டிலும் பார்த்திருந்தாள். அங்கே புற்றே கிடையாது. டாக்டரம்மாவுக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். வாயைத் திறந்தால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். திறக்காவிட்டால் ஒரு மனுஷனுக்கு வயிறே போய்விடும்.

"டாக்டர், எட்டாவதுலயும் இது இருக்கு."

"அக்கா, நீங்க சீவுங்க. பாக்கிறது என் வேலை."

"சும்மா பாருங்களேன். புத்து இல்லாத இடத்துல அதோட குட்டி மட்டும் எப்படி வந்துச்சு?"

டாக்டரம்மா எட்டாம் துண்டை வைத்துப் பார்த்தார். மறுபடி மூன்றாவதை வைத்து ஒப்பிட்டார். "ஹார்மோன் செல்லுக்கான சாயம் போட்டா தெரிஞ்சிடும். ஆனா இத்தனூண்டு கூட்டம். திரும்பச் சீவினா இந்த இடத்தைத் தாண்டிப் போயிருக்குமே?"

"எப்பவும் அதே இடத்துல கூடுதலா ரெண்டு சீவல் எடுத்து வச்சிருவேன். வீண்வேலைன்னு நீங்கதான் திட்டுவீங்க."

மறுநாள் காலை, ஹார்மோன் செல்லை மட்டும் பழுப்பாக்கும் அந்தச் சாயம் ஏறிய கண்ணாடித் தகடு வந்தது. புற்று நீலமாகவே இருக்க, அடியிலிருந்த கூட்டங்கள் மட்டும் பழுப்பாகிப் பளிச்சென்று தெரிந்தன. அவை இறங்கிய புற்றல்ல. அமிலம் வற்றிய வயிற்றில் பெருகிக் குவிந்த ஹார்மோன் செல்கள். அவ்வப்போது பரிசோதித்துக்கொண்டால் போதும்.

டாக்டரம்மா அறுவை மருத்துவருக்குப் போன் போட்டு, ஆய்வகமே கேட்கும்படி, "நான் தப்பா எழுத இருந்தேன். தடுத்தது எங்க சீவல் அக்கா" என்றார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அரை மணி நேரம் கத்திப் பக்கமே போகவில்லை.

வீட்டில் கணவன் முழுக்கதையும் கேட்டான். "அந்தத் தையல்காரருக்கு உன்னைத் தெரியுமா?"

"எங்க தெரியப்போகுது? எனக்கே அவர் மூஞ்சி தெரியாது."

"ஒரு நன்றிகூடக் கிடைக்காதே. வருத்தமா இல்லையா?"

"எதுக்கு?" நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள். "அந்த மனுஷன் இனிமே வயிறாரச் சாப்பிடுவார். அதுல என் கை இருக்கு. போதும்."