கொய்யா மரத்துக் கோழி

எட்டுக் கோழியில் ஏழுக்குக் கண் வீங்கிப்போயிருந்தது. எட்டாவது மட்டும் கொய்யா மரக் கிளையில் உட்கார்ந்து, கீழே நடக்கிற கூத்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்கிற மாதிரி இறகைக் கோதிக்கொண்டிருந்தது.

சுந்தரி கூண்டுக்கு முன்னால் குந்தியிருந்தாள். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பதினேழு வருஷமாகப் பசை தடவுகிறவள். புருஷன் லாரியோடு போனால் முகம் பார்க்கப் பத்து நாளாகும். வீட்டில் பாதி புருஷனின் அண்ணனுடையது, தோட்டம் பொது. அவளுக்கே அவளுக்கென்று, அவள் கையாலேயே எழுப்பியது என்று சொல்ல இருந்தது இந்தக் கூண்டு ஒன்றுதான்.

"இன்னாம்மா, எல்லாம் போய்டும் போலக்கீதே?"

மூத்தார் ராமலிங்கம் பின்னால் வந்து நின்றார். கையில் அளவு டேப். போன மாசம் பழைய கார் ஒன்று வாங்கியதிலிருந்து அவருக்குக் கண்ணெல்லாம் இந்த மூலையில்தான்.

"ஞாயித்துக்கிழமை கறிக்கடைக்காரன வரச் சொல்லிக்கீறேன். உசுரு இருக்கசொல்லவே தள்ளிவுட்டுடலாம். கூண்டப் பிரிச்சா என் வண்டிக்கு ஒரு ஷெட்டு."

"சீக்குக் கோழிய யாருக்கு மாமா விக்கிறது?"

"மசாலா போட்டா எல்லாம் ஒண்ணுதான்."

சுந்தரி தலையைத் தூக்கினாள். மரத்துக் கோழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது மொட்டைக் கழுத்துக்காரி. திமிர் பிடித்தது. ஒரு நாள்கூடக் கூண்டுக்குள் படுத்ததில்லை. மற்ற ஏழும் தின்கிற நொய்யைத்தான் அதுவும் தின்கிறது. அதே சட்டித் தண்ணீரைத்தான் குடிக்கிறது. அதுக்கு மட்டும் ஒன்றும் இல்லையென்றால்?

அவள் கூண்டுத் தரையில் கையை விட்டு ஒரு பிடி அள்ளினாள். நீலம் பாய்ந்த, சொதசொதவென்ற தூள். உள்ளங்கை கணகணவென்று சுட்டது. மூக்கருகே கொண்டுபோனதும் கண்ணில் நீர் முட்டியது.

தோல் ஷாப்பில் தோலை ஒரே கனமாக மிஷினில் சீவுவார்கள். அப்போது உதிர்கிற, பதனிடும் ரசாயனம் ஊறிய ஷேவிங் தூள் இது. ராமலிங்கம் வேலை செய்கிற தோல் ஷாப்பில் மலையாகக் கிடக்கும். மழைக்காலம் வந்து கூண்டுத் தரை சேறானபோது, "நாலு மூட்டை எடுத்தாங்க மாமா, பஞ்சு மாதிரி ஈரத்த உறிஞ்சும்" என்று கேட்டவள் அவள்தான். யாரும் சொல்லித் தரவில்லை, அவளாகவே கண்டுபிடித்த யோசனை. பக்கத்து வீட்டு ஹீனாவிடம் பெருமை பேசியும் இருந்தாள். முதல் பத்து நாள் கூண்டு கமகமவென்று இல்லாவிட்டாலும் காய்ந்து கிடந்தது. அப்புறம் கூரை ஓட்டு இடுக்கில் மழை இறங்கியது. ஈரம் பட்ட தூள் புகைந்து, கோழிகளின் காலை அரித்து, கண்ணை அவித்துவிட்டது. போதாததுக்கு அதைக் கொத்தித் தின்றும் இருக்கின்றன.

"நான்தான் மாமா கெடுத்தேன்," என்றாள் சுந்தரி.

"ஒத்துக்கினியே, அது போதும்," என்றார் அவர் சந்தோஷமாக.

"தப்ப ஒத்துக்கினேன். கூண்ட வுட்டுக் குடுத்துட்டேன்னு எப்ப சொன்னேன்?"

புடவையை இழுத்துச் செருகினாள். கோழிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுவருக்கு மேலே நீட்டினாள். அந்தப் பக்கம் ஹீனா வாங்கிக்கொண்டாள்.

"என் பாத்ரூம்ல வுட்டுக்கிறேங்க்கா. காஞ்ச தரை."

"உங்க வூட்டுக்காரரு குளிக்க வேணாமா?"

"அவரு குளிக்கிறதே கம்மி. நீங்க பேஜாராகாதீங்க."

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா வந்து பார்த்துக் கண்ணுக்கு மருந்து கொடுத்தார். தூளைத் தொட்டதும் சுந்தரியை ஒரு பார்வை பார்த்தார். அதற்கு மேல் திட்டு வேண்டியிருக்கவில்லை. "நான் சொல்ற வரைக்கும் இதுங்க முட்டையும் வேணாம், கறியும் வேணாம்" என்றார். அன்று சாயங்காலமே இரண்டு கோழி செத்தன. சுந்தரி அவற்றை ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தாள். அழுதாள், ஆமாம். அழுதுகொண்டேதான் மண்வெட்டியால் தூளைச் சுரண்டி மூட்டை கட்டினாள். நாலாக வந்தது, ஈரமேறி ஆறாகியிருந்தது.

"ஓடைல கொட்டிடு," என்றார் ராமலிங்கம்.

"ஓடத் தண்ணிய நாலு வூட்டு மாடு குடிக்குது. எங்கேர்ந்து வந்துச்சோ அங்கியே போவட்டும்."

"ஏய், என் மானத்த வாங்காதம்மா!"

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு, ஆறு மூட்டையையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தோல் ஷாப் கேட்டில் போய் இறங்கினாள். வாட்ச்மேன் ஓடிப்போய் சூப்பர்வைசர் நசீர் அகமதைக் கூட்டிவந்தார்.

"வெளிய போனது போனதும்மா. திரும்ப உள்ள எடுக்க ரூல் கெடையாது."

"வெளிய அனுப்ப மட்டும் ரூல் இருந்துச்சா பாய்?"

நசீர் அகமது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கேட்டு வாங்கினது நாந்தான், இல்லன்னு சொல்லல. தெரியாம வாங்கினேன். உங்களுக்குத் தெரியும்ல?" சுந்தரி ஒரு மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தாள். "அஞ்சு மணிக்கு ஷிப்டு வுடும். அது வரைக்கும் குந்திக்கீறேன். கேக்கறவங்களுக்கெல்லாம் மூட்டைல இன்னா கீதுன்னு சொல்றேன்."

அந்த நேரம் பார்த்து ராமலிங்கம் சாப்பாட்டுப் பையோடு கேட்டுக்கு வந்தார். தம்பி பெண்சாதி மூட்டைமேல் மகாராணி மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, வந்த வழியே நழுவப் பார்த்தார்.

"மாமா! ஒரு கை புடிங்க!" என்று கூப்பிட்டாள் அவள், தெருவுக்கே கேட்கிற குரலில்.

நசீர் அகமது பெருமூச்சு விட்டார். "உள்ள இதுக்குன்னே தனி எடம் கீது. அங்க எறக்கு, ராமலிங்கம்."

ஆறு மூட்டையையும் ராமலிங்கம்தான் சுமந்தார். கடைசி மூட்டையை எடுக்கும்போது, "உன்னிய எங்கேர்ந்துதான் கட்டிக்கினு வந்தானோ எந் தம்பி" என்று முனகினார்.

"ஒடுகத்தூர்லேர்ந்து."

அந்த ஒடுகத்தூரிலிருந்து அன்று சாயங்காலமே அவள் தம்பி கோபி இரண்டு மூட்டை வேர்க்கடலை ஓடு பஸ்ஸில் போட்டு அனுப்பியிருந்தான். சுந்தரி கூண்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்துக் காயவிட்டிருந்தாள். ஒழுகிய கூரை ஓட்டை மாற்றி, நாலு விரல் கனத்துக்குக் கடலை ஓட்டைப் பரப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்காரன் வந்தான். ஹீனா வீட்டிலிருந்து திரும்பிய ஐந்து கோழியும் கூண்டில் நின்றன. கண் வீக்கம் பாதிதான் வடிந்திருந்தது. ஒன்று நொண்டியது. ஆனால் சிவப்பி என்கிற கோழி கடலை ஓட்டைக் காலால் கிளறிக் கிளறி எதையோ தேடிக்கொண்டிருந்தது.

"நல்ல வெலைக்கே எடுத்துக்கிறேம்மா."

"விக்கிறதுக்கில்ல. தெரிஞ்சே வெஷத்த எவன் வாயிலியும் போட வுடமாட்டேன். போய்ட்டு வா."

அவன் போனதும் ராமலிங்கம் டேப்போடு வந்து நின்றார். "முட்டையும் இல்லன்ற, கறியும் இல்லன்ற. அப்புறம் இன்னாத்துக்கும்மா இதுங்க?"

"என் கையால கெட்டுச்சுங்க மாமா. என் கையாலயே தேறட்டும். தேறாத ஒண்ணு கீதுன்னா அதுவும் இங்கியே கெடக்கட்டும். இந்த மூல எனக்குத்தான்."

"வண்டி மழைல நனையுது."

"நனைஞ்சா தொடச்சுக்கலாம். அதுக்குக் கண்ணு வீங்காது."

சுவருக்கு அந்தப்பக்கம் ஹீனா சிரித்துவிட்டாள். சுந்தரி கையை நீட்டி அவரிடமிருந்த டேப்பை வாங்கினாள்.

"தரையோட தரையா வெச்சதுதான் மொதத் தப்பு. கூண்ட ஒன்றரை அடி ஒசத்தணும். அந்த முனையப் புடிங்க."

அவர் வண்டிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து முனையைப் பிடித்தார்.

"இறுக்கிப் புடிங்க மாமா."

கொய்யா மரத்தில் இருந்த மொட்டைக் கழுத்துக்காரி கீழே எட்டிப் பார்த்தது. இறங்கி வரவில்லை.