நூறா, எழுபதா?

எரிவாயுக் கிணறுகளின் மேலாளருக்குப் பதவி உயர்வு வாசல்வரை வந்து நின்றது. உற்பத்தி எண்பதைத் தாண்டினால் தலைமை அலுவலகத்தில் நாற்காலி.

இந்தத் தொழிலில் ஒரு வசதி, உற்பத்தி என்றால் ஒன்றல்ல. கிணற்றிலிருந்து வெளியே வருவதெல்லாம் மொத்த உற்பத்தி. அதில் குழாய் வழியே வாடிக்கையாளருக்குப் போய்ச் சேர்வது விற்பனை உற்பத்தி. இவருக்கு மொத்தம் நூறு, விற்பனை எழுபது. மிச்ச முப்பதை உயரமான ஒரு கம்பத்தின் உச்சியில் கொளுத்திவிடுகிறார்கள். அதைப் பற்றி மட்டும் மனுஷன் மூச்சு விடமாட்டார்.

ஆண்டுக் கூட்டம் நடந்தது. முன்வரிசையில் முதலாளி, பின்னால் சுற்றுவட்டாரத்து ஜனங்கள்.

"மொத்த உற்பத்தி நூறு, சார்!" என்று மேலாளர் நெஞ்சை நிமிர்த்தினார். முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். வேறு யாருமில்லை, மேலாளரின் சொந்த அக்கா. கம்பத்துக்குப் பக்கத்துத் தெருவில் மகளோடும் கைக்குழந்தைப் பேரனோடும் குடியிருப்பவர்.

"அந்தக் கம்பத்துல ராத்திரி பூரா என்னதான் எரியுது?"

"பாதுகாப்புக்கு ஏத்தி வச்ச சின்னச் சுடர்க்கா. புகையே கிடையாது." அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கூசாமல் சொல்லும் அதே பொய்.

"குழாய்ல எவ்வளவு போகுது?"

"எழுபது."

"அப்ப மிச்சம் எங்கடா?"

"திரும்பப் பூமிக்குள்ளயே அனுப்பிடறோம்."

முதலாளி திடுக்கிட்டார். "அதுக்கு மெஷினே இல்லையேய்யா! விலை ஜாஸ்தின்னு நான்தானே வேண்டாம்னேன்?"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. முதலாளி நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு எரிச்சலோடு, "நூறுன்னா எரிச்சதை ஒத்துக்கோ. இல்லன்னா எழுபதுதான். எழுபதுக்கு நாற்காலி கிடையாது" என்றார்.

மேலாளரின் மனசாட்சி எழுந்து, ஒரு கொட்டாவி விட்டு, மறுபடி படுத்துக்கொண்டது.

"நூறுதான் சார். மிச்சத்தை எரிக்கிறோம்."

அக்கா கேட்டு வராத உண்மை, நாற்காலிக்காக வந்துவிட்டது. முதலாளி கைகுலுக்கினார். ஜனங்களில் ஒருவர்கூடக் கைதட்டவில்லை.

வாசலில் அக்கா நின்றிருந்தார். காது கிழியத் திட்டப்போகிறார் என்று மேலாளர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் அக்காவின் குரல் உயரவே இல்லை.

"புகை இல்லைன்னு நீ சொன்னதை நம்பிட்டோம். பிள்ளை இருமி இருமி அழறப்பல்லாம், தன் பால்லதான் ஏதோ கோளாறுன்னு நினைச்சு, என் பொண்ணு பால் கொடுக்கிறதையே நிறுத்திட்டாடா."