கைமாறிய கொடி

கான்சாஸ் காற்று அன்று காலையிலேயே ஆரம்பித்துவிட்டது. அணிவகுப்பு மைதானத்தில் எங்கள் கோர் என்ற பெரும் படைப்பிரிவின் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குத் தோள்பட்டை விட்டுப்போயிற்று. கொடியைவிட அதன் உச்சியில் தொங்கும் ரிப்பன்கள்தான் கனம். 1918-இல் பிரான்சில் தொடங்கி, கோர் கலந்துகொண்ட ஒவ்வொரு போருக்கும் ஒரு ரிப்பன். எல்லாவற்றையும் வரிசை மாறாமல் சொல்வேன், சார்ஜென்ட் மேஜர் ஆனவனுக்கு அது பாலபாடம். பயிற்சியில் செத்தவனுக்கு மட்டும் ரிப்பன் கிடையாது. லெவி கிம்பிள் பயிற்சியில்தான் செத்தான்.

மார்ச் மாத வெள்ளத்தில், மிதவைப் பாலம் போட்டு லாரிகளை ஆற்றைக் கடக்க வைத்தார்கள். ஒருநாள் தள்ளிப்போடலாம் என்று கீழ்நிலை அதிகாரிகள் கேட்டதற்கு, அட்டவணை மாறாது என்று சொல்லிவிட்டார் எங்கள் தளபதி ஜெனரல் ஹால்டேன். லாரி கவிழ்ந்தது. மற்றவர்கள் நீந்திக் கரையேறினார்கள், ஓட்டிவந்த லெவி ஏறவில்லை. இப்போது ஹால்டேன் காலம் முடியுமுன்பே ஓய்வுபெறுகிறார். வழக்கமான பதவி மாற்றமாம். யார் காதில் பூச்சுற்றுகிறார்களோ தெரியவில்லை.

லெவியின் அம்மா மார்வா, இந்தத் தளபதி மாற்ற விழாவுக்கு முந்தைய வாரம் எனக்குப் போன் செய்திருந்தார். அழவில்லை. "நஷ்ட ஈடெல்லாம் வேணாம் தம்பி. அந்த ஜெனரல் வாயால எம்புள்ள பேரு வரணும். எல்லார் முன்னாடியும். அவ்வளவுதான்" என்றார். ஹால்டேனிடம் கேட்டேன். விழாப் பேச்சில் சொல்கிறேன் என்றார். அதை நம்பி, கிளம்பி வாருங்கள் என்று அந்தம்மாவிடம் தைரியமாகச் சொல்லிவைத்தேன்.

அன்று காலை, கூடாரத்துக்குப் பின்னால் ஹால்டேன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பேச்சுலேருந்து அந்தப் பேரை எடுத்துட்டேன், சார்ஜென்ட் மேஜர். விசாரணை முடியற வரைக்கும் வாயத் திறக்கக் கூடாதுன்னு மேலேருந்து உத்தரவு."

"அந்தம்மா நெப்ராஸ்காலேருந்து காரை ஓட்டிக்கிட்டு வந்திருக்காங்க சார்."

"அவங்களுக்கு ஏன் வாக்கு குடுத்தீங்க?"

"நீங்க எனக்குக் குடுத்தீங்க சார்."

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

விழா முறைப்படி நடந்தது. கொடியை நான் ஹால்டேனிடம் கொடுத்தேன். அவர், விழாவை நடத்த வந்திருந்த தன் மேலதிகாரியிடம், மேலதிகாரி புதிய தளபதி ப்ரூவிட்டிடம், ப்ரூவிட் மறுபடி என்னிடம். கொடி சுற்றிவந்த அந்த நேரத்தில் ஆயிரமாயிரம் பேருடைய பொறுப்பும் தோள்மாறிவிடுகிறது. பிறகு ஹால்டேன் பேசினார். பிரான்சின் சேற்றிலிருந்து ஆரம்பித்து முன்னாள் தளபதிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார், ஒருவரையும் விடவில்லை. மனைவிக்கு நன்றி சொன்னார், வளர்ப்பு நாய்க்குக்கூட நன்றி சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். மூன்றாவது வரிசையில் நீல கோட்டுடன் மார்வா முன்னால் குனிந்து, ஒரு வார்த்தையும் தப்பிவிடக் கூடாது என்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார். கைதட்டல் எழுந்தபோதும் அப்படியேதான் இருந்தார்.

விழா முடிந்து நடக்கும் விருந்துக்குப் பழைய தளபதி வருவதில்லை, அது எங்கள் வழக்கம். வீட்டை விற்றவன் புதிதாகக் குடிவந்தவரின் விருந்தில் போய் உட்காருவானா? ஹால்டேனின் கார் மைதானத்திலிருந்தே கிளம்பிவிட்டது. மார்வாவுக்கு இந்த வழக்கம் எங்கே தெரியும்? புதியவருக்குக் கைகொடுக்க நின்ற வரிசையில் அவரும் போய் நின்றுகொண்டார். போய்த் தடுத்திருக்கலாம். என்ன சொல்லித் தடுப்பது?

அவர் முறை வந்தது. வருகிறவர்களின் பெயரைத் தளபதி காதில் சொல்வதற்கென்றே பக்கத்தில் நிற்கும் கேப்டன், "மிஸஸ் கிம்பிள்" என்றான். ப்ரூவிட் சிரித்தபடி கை நீட்டினார். மார்வா பிடித்துக்கொண்டார்.

"எம்புள்ளையோட ஜெனரல் நீங்கதானா? ஆத்துல போனானே."

ப்ரூவிட்டின் முகம் மாறியது. நல்ல மனிதர்தான். நழுவவில்லை.

"ஆமாம்மா. இந்தக் கோர்ல நடந்தது, நடக்காம விட்டது, எல்லாத்துக்கும் இன்னியிலேருந்து நான்தான் பொறுப்பு."

"அப்ப அவன் பேரைச் சொல்லுங்க."

கேப்டன் என்னைப் பார்த்தான். அவனுக்குப் பையன் பெயர் தெரியவில்லை. உத்தரவாவது மண்ணாங்கட்டியாவது என்று நான் ப்ரூவிட்டின் பின்னால் போய்க் குனிந்து, "லெவி" என்றேன். அவர் காதில் தெளிவாகவே விழுந்தது. வாயைத் திறந்தார். கேக் மேஜைக்குப் பக்கத்திலிருந்து மேலதிகாரி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க இழப்புக்கு ரொம்ப வருந்துறேம்மா."

மார்வா நிதானமாகத் தலையை ஆட்டினார்.

"அவன் பேரு அது இல்லையே."

கையை அவர் விடவில்லை. ப்ரூவிட்டும் இழுத்துக்கொள்ளவில்லை. வரிசையில் அடுத்து நின்ற ஒரு மேஜரின் மனைவி, நீட்டத் தயாராய் வைத்திருந்த வலது கையை மெல்லக் கீழே இறக்கி, பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.